ஹார்டு டிஸ்க் சொருகினா வைஃபை போகுது – நான் சரி பண்ண விதம்

வேளச்சேரில எங்க வீட்டு டெஸ்க்டாப்ல ஒரு மாசமா வைஃபை படுத்தி எடுத்துடுச்சு, போன்ல நல்லா வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் திடீர் திடீர்னு கட் ஆகும், பையனுக்கு ஆன்லைன் டியூஷன் நடுவுல போயிடும், பாவம் அழுதே போடுவான். ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், டிரைவர் புதுசா போட்டேன், பக்கத்து ஃபிளாட் ரவுட்டருங்கதான் காரணம்னு நினைச்சு சேனல 1, 6, 11னு மாத்தி மாத்தி வச்சேன் (எங்க வைஃபை ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதாது). ஒண்ணும் நடக்கல.

அப்புறம்தான் கவனிச்சேன், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குல போட்டோ காப்பி பண்றப்ப மட்டும்தான் போகுது! வைஃபை டாங்கிள (கம்ப்யூட்டருக்கு வைஃபை புடிச்சு தர்ற, யூஎஸ்பில சொருகுற குட்டி கருவி) அந்த டிஸ்க்குக்கு பக்கத்து போர்ட்லயே சொருகியிருந்தேன். அந்த டிஸ்க் யூஎஸ்பி 3.0ங்கிற வேகமான வகை, அது ஓடும்போது கிளம்புற ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலயும் விழும், இன்டெல்லே 2012ல இத பத்தி எழுதியிருக்காங்க.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிள டேபிள் மேல தள்ளி வச்சேன், அதோட சரி, இப்ப காப்பி ஓடிட்டே இருந்தாலும் கட் ஆகல. டாங்கிள் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும்னா அதுக்கு மாத்தியும் பாருங்க, ஆனா செவுரு தாண்டினா சிக்னல் கொறையும்.