செகண்ட் ஹேண்ட் ஜாகுவார்: எக்ஸ்கே வாங்குவதா, எக்ஸ்கேஆர் வாங்குவதா?

ஜாகுவார் எக்ஸ்கே 2006 முதல் 2014 வரை இங்கிலாந்தின் காசில் பிராம்விச் ஆலையில் தயாரானது. அலுமினிய பாடி, முன்னால் வி8 இன்ஜின், பின்சக்கர டிரைவ். நீண்ட பயணத்தை அலுப்பில்லாமல் முடிக்கவென்றே வடிவமைத்த கார். அதன் வேகமான உடன்பிறப்பு எக்ஸ்கேஆர்; அதே இன்ஜினின் தலைமேல், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். இன்று பிரிட்டனில் இரண்டையுமே புது குடும்பக் கார் ஒன்றின் விலைக்குக் கீழே வாங்கலாம். அதனால்தான் எல்லாருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் "ஆர்" கிடைக்குமே, எடுத்துவிடலாமா?

இது பிரிட்டனில் வாங்குகிறவர்களுக்கான விளக்கம். அங்கே வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய இந்திய விதி இடம் கொடுக்காது.

படி 1: முதலில் இன்ஜின், அப்புறம்தான் "ஆர்"

விளம்பரங்களில் எக்ஸ்கே, எக்ஸ்கேஆர் என்று இரண்டு கார் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் நான்கு கார்.

2009 வரை 4.2 லிட்டர். எக்ஸ்கேயில் சுமார் 300 குதிரைத்திறன், எக்ஸ்கேஆரில் சுமார் 420. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் தொட முறையே 5.9 நொடி, 4.9 நொடி.

2009க்குப் பிறகு 5.0 லிட்டர், நேரடி எரிபொருள் இன்ஜெக்ஷன். எக்ஸ்கேயில் 385, எக்ஸ்கேஆரில் 510. நேரம் 5.2 நொடி, 4.6 நொடி. 2011-இல் 550 குதிரைத்திறனோடு எக்ஸ்கேஆர்-எஸ் வந்தது. அது சஸ்பென்ஷன் இறுகிய, விலையும் தனியான கார் என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5.0 எக்ஸ்கே சூப்பர்சார்ஜரே இல்லாமல் பழைய 4.2 எக்ஸ்கேஆரை நெருங்கிவிடுகிறது. வேகத்துக்காக மட்டும் "ஆர்" தேடுகிறவர் 2010க்குப் பிந்தைய சாதாரண எக்ஸ்கேயை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பெட்ரோல் செலவைப் பெரிய காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 5.0-வில் அதிகாரபூர்வக் கணக்கு 100 கிலோமீட்டருக்கு எக்ஸ்கே 11.2 லிட்டர், எக்ஸ்கேஆர் 12.3 லிட்டர். சாலை வரியிலும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே கிலோமீட்டருக்கு 255 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தாண்டுவதால் உச்ச வரி அடுக்கில்தான் வரும். ஒரே விலக்கு: 2006 மார்ச் 23க்கு முன் பதிவான முதல் சில 4.2 எக்ஸ்கேக்கள் அதைவிடக் குறைந்த அடுக்கில் இருக்கின்றன. எக்ஸ்கேஆர் அந்தத் தேதிக்குப் பிறகுதான் வந்தது, அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 2: வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வண்டி எண்ணை வைத்து பிரிட்டன் அரசு இணையதளத்தில் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல் "அட்வைசரி" குறிப்புகளை, அதாவது தேறினாலும் கவனிக்கச் சொல்லி எழுதியவற்றை, வருடவாரியாகப் படியுங்கள். முன் சஸ்பென்ஷன் புஷ், பின் டயரின் உள்விளிம்புத் தேய்மானம், பிரேக் பைப் துரு, சப்ஃபிரேம் துரு ஆகியவை எத்தனை வருடம் தொடர்ந்து வந்திருக்கின்றன? ஒரே குறிப்பு மூன்று வருடம் வந்திருந்தால் ஓனர் செலவு செய்யவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் செலவு செய்திருக்க மாட்டார்.

வி5சி பதிவுப் புத்தகத்தின் படம் கேளுங்கள். மாடல் பெயரைப் பாருங்கள். நிகரத் திறன் கட்டம் நிரப்பியிருந்தால் 5.0 எக்ஸ்கேவுக்கு 283 கிலோவாட், எக்ஸ்கேஆருக்கு 375 கிலோவாட் என்று இருக்க வேண்டும். வலை கிரில்லும் நான்கு சைலன்சர் குழாயும் "ஆர்" சின்னமும் மாட்டிய சாதாரண எக்ஸ்கேக்கள் சந்தையில் உண்டு. நேரில் போனால் முன் பிரேக் டிஸ்க்கின் விட்டத்தை டேப்பால் அளந்து பாருங்கள்: 4.2 எக்ஸ்கே 326 மில்லிமீட்டர், 4.2 எக்ஸ்கேஆரும் 5.0 எக்ஸ்கேயும் 355, 5.0 எக்ஸ்கேஆர் 380. சின்னத்தை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கைத் தொடுவதில்லை.

விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். அடுத்த படி முழுக்க ஆறிய இன்ஜினை நம்பித்தான் இருக்கிறது.

படி 3: முதல் முப்பது நொடி

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 5.0 இன்ஜினில் மூன்று வகைச் சத்தம் வரும். ஒன்று இயல்பானது, ஒன்று சமாளிக்கக்கூடியது, ஒன்று வந்தால் காரையே விட்டுவிட வேண்டியது. மூன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும்.

முதலாவது "டிக் டிக் டிக்" என்று சீரான, உலர்ந்த, சன்னமான சத்தம். நேரடி இன்ஜெக்டர்களும் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்புகளும் போடும் சத்தம் அது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடவே வேகமாகும். பயப்பட வேண்டாம்.

இரண்டாவது எக்ஸ்கேஆருக்கு மட்டும் உரியது. ஐட்லிங்கில், இன்ஜினின் மேல்பக்கம் முன்னால், டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவதுபோல் வரும். லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்து 1,200, 1,500 என்று ஏற்றினால் மறைந்துவிடும். சூப்பர்சார்ஜர் மூக்குக்குள் இருக்கும் கப்ளர் தேய்ந்தால் வரும் சத்தம் இது. புல்லியையும் ரோட்டரையும் இணைக்கும் அந்தத் துண்டின் விலை பெரிதில்லை, அதை மாற்றும் கூலிதான் அதிகம். இதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

மூன்றாவது, கிராங்கையும் கேம்ஷாஃப்டுகளையும் இணைக்கும் டைமிங் செயின். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினின் முன்மூடிக்குப் பின்னாலிருந்து கனமான "கடகட" என்று சில நொடி. தேய்மானம் முற்றினால் ஐட்லிங்கிலும் தொடரும். முதல் சில வருட 5.0 இன்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் முனை, அது அழுத்தும் கைடின் (செயின் உரசிச் செல்லும் தாங்கியின்) முதுகைக் குடைந்துவிடும். குடைந்த ஆழத்துக்குச் செயின் தொய்ந்துபோகும். எக்ஸ்கே, எக்ஸ்கேஆர் இரண்டுக்கும் இந்த நோய் உண்டு. பிற்பாடு வந்த டென்ஷனரும் கைடும் இதைத் தாங்கும்படி மாற்றப்பட்டவை. சத்தம் கேட்டால், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016, பி0018 என்ற கோடுகள் (பழுதுக் குறியீடுகள்) இருக்கின்றனவா பாருங்கள். கேம்ஷாஃப்டும் கிராங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அவை சொல்லும். கோடு வந்துவிட்ட காரை, டென்ஷனர் மாற்றிய பில் கைக்கு வராமல் வாங்காதீர்கள்.

எந்த இடத்திலிருந்து சத்தம் என்று பிரிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தும் கேட்பார்கள். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

4.2 இன்ஜினில் இந்தச் செயின் தொல்லை இப்படி வருவதில்லை. அதிகம் பழகாதவர்களுக்கு 4.2 எக்ஸ்கேயைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 4: சூப்பர்சார்ஜருக்கு அடியில்

இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டிய இடம் இது. இரண்டு கார்களிலும் வி வடிவ இன்ஜினின் நடுப்பள்ளத்தில் கூலன்ட் பைப்களும் ஹோஸ்களும் போகின்றன. எக்ஸ்கேயில் அவற்றின் மேலே இருப்பது இன்டேக் மேனிஃபோல்ட், கழற்றுவது எளிது. எக்ஸ்கேஆரில் மேலே இருப்பது சூப்பர்சார்ஜரும், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்களும். 4.2 எக்ஸ்கேஆரில் அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் கசிந்தாலே சூப்பர்சார்ஜரைத் தூக்க வேண்டும்.

5.0-வில் சிக்கல் பிளாஸ்டிக். முன்னால் ஒரு கிளைப் பைப், பின்னால் ஹீட்டருக்குப் போகும் ஒரு பைப், இரண்டுமே இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டியவை. ஒவ்வொரு நாளும் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒட்டிய தையல் வாய் பிளக்கும். வாட்டர் பம்பும் அவ்வப்போது கசியும். ஒரே பைப், ஒரே பழுது. ஆனால் எக்ஸ்கேஆரில் அதைத் தொடுவதற்கே பல மணி நேரக் கூலி. "ஆர்" எழுத்துக்கு நீங்கள் கொடுக்கும் நிஜ விலை இதுதான்.

பார்க்கும் முறை:

ஆறிய இன்ஜினில் கூலன்ட் விரிவுத் தொட்டியின் அளவைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, வெந்நீர் முகத்தில் பீறிடும். பிறகு 5.5 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப் கேமராவை போனில் மாட்டி, இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து பள்ளத்துக்குள் விடுங்கள். வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ உப்புப் படிவு காய்ந்திருந்தால் கசிவு உண்டு. நீர் சொட்டாது, சூட்டில் அங்கேயே ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப்போகும். அதனால்தான் தரை காய்ந்திருப்பதைக் காட்டி "லீக் எதுவும் இல்லை" என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்பதே இல்லை.

விற்பவர் ஒப்புக்கொண்டால் கூலிங் பிரஷர் டெஸ்டர் போடுங்கள். தொட்டி மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். இருபது நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

பைப் மாற்றிய பில் இருந்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். சூப்பர்சார்ஜரைக் கழற்றிய நல்ல மெக்கானிக் முன் பைப், பின் பைப், கப்ளர், கேஸ்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியிருப்பார். ஒரு பைப் மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த கழற்றல் உங்கள் செலவு. அலுமினியத்தில் செய்த மாற்றுப் பைப்களும் கிடைக்கின்றன. ஒருமுறை திறந்த பிறகு மீண்டும் பிளாஸ்டிக் போடுவதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

படி 5: பாடி

அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, ஆகவே காந்தம் வைத்துப் பட்டி பார்க்கும் பழைய வித்தை இங்கே செல்லாது. பெயின்ட் கனம் அளக்கும் கருவி வாங்கும்போது இரும்பல்லாத உலோகத்திலும் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவை பல இரும்புக்கு மட்டும்தான். வீல் வளைவு, டிக்கி மூடியின் விளிம்பு, கதவின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் பெயின்ட் கொப்புளம் இருந்தால் அது அலுமினிய அரிப்பு. வெளியே பட்டாணி அளவு தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிதாகவே பரவியிருக்கும். அலுமினிய வேலை தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

குறைந்தது 40 நிமிடம். கியர்பாக்ஸ் இரண்டிலும் இசட்எஃப் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்தான். லேசாக மிதித்துக்கொண்டு 1,200 முதல் 1,500 சுற்றுகளில் போகும்போது, மேடு பள்ளமான ரோட்டில் போவதுபோல் நடுக்கம் வந்தால் டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) பழைய கியர்பாக்ஸ் ஆயிலும் சந்தேகத்துக்குரியவை. "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று விற்பவர் சொல்வார். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

எக்ஸ்கேஆர் என்றால் இன்ஜின் நன்கு சூடான பிறகு, பாதுகாப்பான சாலையில் மூன்று நான்கு முறை முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். முதல் முறை பாய்ந்தது நான்காம் முறை சோம்பினால் ஸ்கேனரில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போய் இறங்காவிட்டால் இன்டர்கூலர் தண்ணீரைச் சுற்றவிடும் எலெக்ட்ரிக் பம்ப் வேலை செய்யவில்லை.

20 அங்குல வீல் போட்ட காரில் பின் டயர் 285/30. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 30 சதவீதம்தான் என்பதால் பள்ளத்தின் அடி நேரே முதுகுக்கு வரும். தினமும் ஓட்டப்போகிறவர் 19 அங்குலம் தேடட்டும்.

ஸ்கேனர் பற்றி: காரின் சோதனைப் பிளக்கில் செருகும் மலிவான புளூடூத் ஓபிடி டாங்கிள் இன்ஜின் கோடுகளுக்கும் வெப்பநிலைகளுக்கும் போதும். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், ஹேண்ட்பிரேக் மாட்யூல்களைப் படிக்க ஜாகுவாரின் எஸ்டிடி மென்பொருளும் அதற்கேற்ற கேபிளும் வைத்திருக்கும் மெக்கானிக் தேவை.

யாருக்கு எது

முதல் முறையாக இப்படி ஒரு கார் வாங்குகிறவருக்கு 4.2 எக்ஸ்கே. வேகமும் வேண்டும், தினமும் ஓட்டவும் வேண்டும் என்றால் டென்ஷனர் பில்லுடன் உள்ள 5.0 எக்ஸ்கே, அல்லது கடைசி வருடங்களில் வந்தது. பெரும்பாலானோருக்கு என் பரிந்துரை இதுதான். எக்ஸ்கேஆர் எடுக்கிறவர், கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மிச்சத்துக்கு எது கிடைக்கிறது என்று பாருங்கள். அதை வாங்குகிறவருக்கு நிஜமாகக் கிடைப்பது அரை நொடி முந்துவது அல்ல. ஏற்றத்தில் ஒரு லாரியைக் கடக்கும்போது கியர்பாக்ஸ் கீழே இறங்கத் தேவையே இல்லாமல் கார் நகர்வது. 4.2-வில் எக்ஸ்கேயின் டார்க் (சுழற்றும் விசை) 411 நியூட்டன் மீட்டர், எக்ஸ்கேஆரில் 560.

பின்னால் சேர்த்தவை

5.0 இன்ஜினில் ஆயில் டிப்ஸ்டிக் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு: கிடையாது. டாஷ்போர்டுத் திரையில்தான் அளவு தெரியும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடமாவது விட்ட பிறகு பாருங்கள். உடனே பார்த்தால் சரியான அளவு வராது. அதை நம்பி ஆயில் ஊற்றினால் அளவுக்கு மேல் போய்விடும்.

கார் பார்க்கப் போன இடத்தில் கியர்பாக்ஸ் ஃபால்ட், ஹேண்ட்பிரேக் ஃபால்ட் என்று வரிசையாகச் செய்திகள் வந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். டிக்கியில் இருக்கும் பேட்டரியின் வோல்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். இன்ஜின் அணைந்து ஓய்வில் இருக்கும்போது 12.4-க்குக் கீழே இருந்தால் முழுதாக சார்ஜ் ஏற்றி, கோடுகளை அழித்து, மறுநாள் மறுபடி பாருங்கள். அதன் பிறகும் திரும்பி வரும் கோடுதான் நிஜப் பழுது.