குருதிக்குழாய்களைப் பேணுதல்: உப்புப் பொதியிலிருந்து ஒரு தொடக்கம்

சமையலறையில் 400 கிராம் உப்புப் பொதியொன்றை உடைக்கும் நாளில் அதன்மேல் திகதியை எழுதி வையுங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள்ளாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தக் கணக்கில், நால்வர் உண்ணும் வீட்டில் அந்தப் பொதி 20 நாட்களுக்கு வர வேண்டும். ஆனால் பாண், கருவாடு, ஊறுகாய், கடை ரோல்ஸ் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் போகும் உப்பு இந்தப் பொதியிலிருந்து வருவதில்லை. ஆகவே ஒரு மாதம் வந்தால்தான் கணக்குச் சரி. எங்கள் வீட்டில் திகதி எழுதிய முதற்பொதி இரண்டு வாரங்கூட வரவில்லை.

உப்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குருதிக்குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு கலத் தடிப்புள்ள அகவணி என்னும் படலம் மூடியிருக்கிறது. அது சுரக்கும் நைதரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவே குழாயின் தசையைத் தளர்த்தி, குருதி தடையின்றி ஓட வழிவிடுகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கூடிய உப்பால் உயரும் குருதி அமுக்கமும், குருதியில் கூடிய சீனியும், புகையிலைப் புகையும் இந்தப் படலத்தைச் சிதைக்கும்போது, அந்த இடத்தில் கொழுப்புப் படிந்து குழாய் ஒடுங்குகிறது. இது பல ஆண்டுகள் வலியின்றி நடப்பதால், "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்பதை ஓர் அளவாகக் கொள்ள முடியாது.

அளவு வேண்டுமானால் அமுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து தேநீரும் சிகரெட்டும் தவிர்த்து, முதுகு சாய்ந்து, பாதங்கள் நிலத்தில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

உணவைப் பொறுத்தவரை திருகோணமலைக்குக் கடல் கொடுத்திருக்கும் வசதி பெரியது. அதை நாம் அரைகுறையாகவே பயன்படுத்துகிறோம் என்பது என் எண்ணம். சாளை, சூடை, கும்பளா போன்ற எண்ணெய்ச் செறிவுள்ள மீன்களில் குருதிக்குழாய்க்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு இருப்பதால், பெரிய மீனின் விலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. வாரம் இரு வேளை அவற்றைப் புளி விட்டுக் குழம்பாக வைத்தால் போதும், எண்ணெயில் மொறுமொறுக்கப் பொரித்தால் பயன் குறைகிறது. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்காத மாதங்களில்தான் சிக்கல், ஏனெனில் அப்போது தட்டில் பச்சை மீனின் இடத்தைக் கருவாடு பிடித்துக்கொள்கிறது. கருவாட்டை அறவே விடச் சொன்னால் எங்களூரில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே அதை வெந்நீரில் ஊறவைத்து, நீரைக் கொட்டி, மீண்டும் ஒருமுறை கழுவி, கறிக்குத் தனியாக உப்புச் சேர்க்காமல் சமைக்கலாம். அப்படிச் செய்தாலும் உப்பு முழுவதும் போய்விடாது. எனவே அது கறியாக அல்லாமல் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே இருக்கட்டும்.

அகவணிக்கு நேரடியாக உதவுவது கீரை. இலைக்கீரைகளிலும் பீற்றூட்டிலும் உள்ள நைத்திரேற்றை வாயிலுள்ள பக்டீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, உடல் அதிலிருந்து நைதரிக் ஒட்சைட்டை உண்டாக்கிக்கொள்கிறது. கீரையை நிறைய நீரில் அவித்து நீரை வடித்துவிட்டால் நைத்திரேற்றும் அதோடு போய்விடும். முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் இந்த வகையில் நல்ல சமையல்முறைகள். கிருமி கொல்லும் வாய்கொப்பளிப்புத் திரவத்தை நாள்தோறும் பாவிப்பவர்கள் அந்தப் பக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும், பொற்றாசியம் நிறைந்த கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றை எவ்வளவு உண்ணலாம் என்று வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். பதவிசிறிபுர போன்று சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதிகள் எமது மாவட்டத்திலேயே இருப்பதால் இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை அல்ல.

தேங்காய் பற்றிய வாதம் ஓயாதது. தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு என்பதும், அது கெட்ட கொலஸ்திரோலை உயர்த்தும் என்பதும் உண்மை. எனினும் வறையில் தூவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும், நாள் முழுதும் கொதித்த எண்ணெயில் பொரித்த வடையும் ஒன்றல்ல. சொதிக்குத் தலைப்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டுங்கள்; தாளிப்பதற்கு நல்லெண்ணெயை அளந்து ஊற்றுங்கள்; ஒருமுறை பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேமிக்காதீர்கள். சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பையும் மரக்கறியையும் கூட்டலாம், வெள்ளை மாவுப் பிட்டுக்குப் பதில் குரக்கன் பிட்டு அவிக்கலாம். மென்பான போத்தல்களில் சிவப்புக் குறியிருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டென்று பொருள்.

வாரத்துக்கு 150 நிமிட விரைநடை போதுமானது. பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுதான் வேகத்தின் அளவு. பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து மான்களைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் சாய்வு இதற்கெனவே அமைந்ததுபோல் இருக்கிறது. அப்படி ஏறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றதும் வலி விட்டு, நடந்ததும் மீண்டும் தொடங்கினால் அதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். காலின் குருதிக்குழாய் ஒடுங்கியிருக்கக்கூடும். காலில் ஆறாத புண்ணும் அவ்வாறே காட்ட வேண்டியது. சிகரெட்டை விட்ட ஓராண்டில் இதயநோய் அபாயத்தில் கூடியிருந்த பங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் தீங்கானதே.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல், நெஞ்சை அழுத்தும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், கஷாயம் வைத்தோ படுத்துப் பார்த்தோ நேரத்தைப் போக்காமல், உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். மூளைக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான் ஏற்றப்படும்.