ஆங்கிலத்தில் 'ரிங்கிள்' (wrinkle) என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது?

காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் "சுருக்கம் இல்லாத சேலை" என்று அட்டை தொங்கியது. கூட வந்த ஆச்சி அதைப் படித்துவிட்டு, "அப்ப தண்ணியில போட்டாலும் சுருங்காதா தம்பி?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் இருந்தது 'ரிங்கிள் ஃப்ரீ'. "கசங்காத சேலை" என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அதனால் இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் 'சுருக்கம்' என்று போட்டுவிடாமல், அது எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது என்று முதலில் பாருங்கள். உட்கார்ந்து எழுந்ததில் துணியில் விழுந்ததா, கசங்கல். முகத்தில் என்றால் சுருக்கம் சரி. வயதாகித் தோலில் விழுவதற்குத் 'திரை' என்று தனிச் சொல்லே இருக்கிறது, நரை திரை மூப்பு என்கிறோமே, அந்தத் திரை. வேண்டுமென்றே வைப்பது இதில் சேராது. கண்டாங்கிச் சேலைக்குப் பின்கொசுவம் வைக்க ஆச்சி துணியை விரலிடுக்கில் விசிறி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் நீவி நீவிப் பிடிப்பார்கள், அந்தக் கொசுவம் ஆங்கிலத்தில் 'ப்ளீட்'. அதை யாரும் ரிங்கிள் என்பதில்லை.

சொல்லின் பிறப்பு தெரிந்தால் இன்னும் தெளிவாகும். பழைய ஆங்கிலத்தில் 'வளைந்து நெளிந்த' என்று பொருள்பட்ட ஒரு சொல்லோடு தொடர்புடையது இது. முதலில் நிற்கும் 'டபிள்யூ' இப்போது ஊமை, அந்தக் காலத்தில் ஒலித்தது. துணியை முறுக்கிப் பிழிவதைக் குறிக்கும் 'ரிங்' (wring), மணிக்கட்டைக் குறிக்கும் 'ரிஸ்ட்' (wrist) எல்லாம் அதே எழுத்தில்தான் தொடங்கும். முறுக்குவதும் திருப்புவதும்தான் அவற்றின் அடிப்பொருள்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். 19ஆம் நூற்றாண்டில் இதே சொல்லுக்குத் தொழில் நுணுக்கம், உபயோகமான யோசனை என்ற பொருளும் வந்துவிட்டது. 'ஒரு புது ரிங்கிள் சொல்லிக்கொடுத்தார்' என்று வந்தால் சுருக்கத்தைத் தேடாதீர்கள். தறிக்காரர் ஒருவர் பாவு பிடிப்பதன் நெளிவு சுளிவைச் சொல்லித்தருகிறார் என்போமே, அந்த நெளிவு சுளிவுதான் அது. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் நெளிவுதான் என்பதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

திட்டத்தில், ஒப்பந்தத்தில் ரிங்கிள் என்று வந்தால்? நூலில் விழுவதும் காரியத்தில் விழுவதும் நமக்கு ஒரே சொல்: சிக்கல்.