முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில், எப்படிப் பின்தொடர்வது

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை என்றதும் பலரும் அதைச் சமூக நலத் துறையின் திட்டம் என்று எண்ணி, மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு அலைகிறார்கள். அந்த அலுவலகம் பார்ப்பவை திருமண உதவி, பெண் குழந்தை பாதுகாப்பு போன்ற திட்டங்கள். முதியோர் உதவித்தொகையைக் களத்தில் நடத்துவது வருவாய்த் துறை. வட்ட அளவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென உள்ள தனி வட்டாட்சியரும், மாவட்ட அளவில் அதே திட்டத்துக்கான தனித் துணை ஆட்சியரும், அவருக்கு மேல் மாவட்ட ஆட்சியரும், சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையரும் என்று பொறுப்பு மேல்நோக்கிச் செல்கிறது. முதியவர் ஒருவரை வெயிலில் வீணாக நடக்கவைக்காமல் இருக்க, வீட்டில் உள்ள இளையவர்கள் முதலில் இந்த வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய இந்த உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒன்றிய அரசின் தேசிய சமூக உதவித் திட்டத்தில் வருவோருக்கு 60 முதல் 79 வயதுவரை 200 ரூபாயும், 80 வயதிலிருந்து 500 ரூபாயும் ஒன்றிய அரசு தருகிறது. மீதியை மாநில அரசு போடுகிறது. ஒன்றிய அரசின் பங்கு இத்தனை ஆண்டுகளாக இவ்வளவு குறைவாகவே இருப்பது வருத்தத்துக்குரியது.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றுடன் செல்லுங்கள். பதிவுக்கு முன் ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்துவிடுங்கள்: மூன்று ஆவணங்களிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த ஆண்டு ஆகியவை ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் ‘மு. பொன்னம்மாள்’ என்றும் வங்கிக் கணக்கில் ‘பொன்னம்மாள் மு.’ என்றும் இருப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் ஆதாரில் 58 வயதும் குடும்ப அட்டையில் 63 வயதும் வந்தால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். பதிவு முடிந்ததும் விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். பின்னால் எழுதப்போகும் ஒவ்வொரு மனுவும் அந்த எண்ணை வைத்துத்தான் நகரும்.

அதன்பின் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் விசாரணைக்குப் போகும். விண்ணப்பதாரருக்கு ஆதரவு உண்டா, நிலமோ வருமானமோ இருக்கிறதா, பிள்ளைகள் உடன் இருக்கிறார்களா என்று அவர்கள் கேட்பார்கள். முதியவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாலும் அவர் பெயர் மகனின் குடும்ப அட்டையிலேயே இருந்தால், மகன் பராமரிக்கிறார் என்று அறிக்கை போய்விட வாய்ப்புண்டு. உண்மை நிலையை விசாரணையின்போதே தெளிவாகச் சொல்வதும், எழுதிக் கொடுப்பதும் முதியவரின் உரிமை. அறிக்கை தனி வட்டாட்சியரிடம் சேர்ந்த பிறகு ஆணையோ நிராகரிப்போ அங்கிருந்து வரும். நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். வாய்மொழிப் பதிலை வைத்து மேல் அலுவலரிடம் எதையும் நிலைநாட்ட முடியாது.

பதில் வராமலே காலம் கடந்தால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். நீண்ட வரலாறு வேண்டாம். ‘இன்ன தேதியில் இன்ன எண்ணில் விண்ணப்பித்தேன், இதுவரை ஆணை வரவில்லை, விசாரணை அறிக்கையின் நிலையைத் தெரிவித்து, விரைந்து முடிவெடுக்கக் கோருகிறேன்’ என்ற அளவு போதும். மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குப் புகார் அளிக்கலாம். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தியிலும் மனு ஏற்கப்படும்.

இவை எதுவும் பலிக்காதபோது தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் விண்ணப்பியுங்கள். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடக்கூடும். அதனால் ஆவணத்தைக் கேளுங்கள்: விசாரணை அறிக்கையின் நகல், கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் சென்றது என்ற விவரம், நிராகரிப்பு ஆணை இருப்பின் அதன் நகல். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் தீர்வு இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

தனி ஒருவரின் கோப்பைத் தாண்டி, திட்டம் ஒட்டுமொத்தமாக எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புவோர், துறைக்கான நிதி ஒதுக்கீட்டைக் கோரும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படிக்கலாம். செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பொறுப்பு. அந்த அறிக்கை சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குச் செல்கிறது.

வந்துகொண்டிருந்த பணம் திடீரென நின்றால், முதலில் வங்கியில் ஆதார் இணைப்பும் கணக்கின் நிலையும் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு, பிறகு தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பயனாளி இறந்துவிட்டால் உதவித்தொகை துணைவருக்குத் தானாக மாறாது. இறப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்துவிட்டு, மனைவி தன் பெயரில் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.