ஹூஸ்டனுக்குப் புதிதா? புயலுக்கு அரிசி மூட்டை மட்டும் போதாது

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் பருவம். ஊரைச் சுற்றியுள்ள கேட்டியிலோ சுகர்லேண்டிலோ வீடு பிடித்துக் குடியேறும்போதே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். "நாங்க பார்க்காத புயலா?" என்ற பதிலும் உடனே வரும். வர்தாவில் பால்கனிக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்தவர்கள், மிக்ஜாமில் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட் தேடிப் போனவர்கள் நாம். அந்தத் தைரியம் நியாயம்தான். ஆனால் அங்கே எந்தப் புயலிலும் அடுப்படியில் கேஸ் சிலிண்டர் இருந்தது. கரண்ட் இல்லாவிட்டாலும் சோறு வெந்தது.

அரசு சொல்வதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (கிட்டத்தட்ட நாலு லிட்டர்) தண்ணீர், பல நாட்களுக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள். மருந்து, டார்ச், பேட்டரி, பவர் பேங்க், சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். காரில் பெட்ரோல் முழுக்க இருக்கட்டும், கரண்ட் போனால் பெட்ரோல் பங்க்கும் ஓடாது. பாஸ்போர்ட், விசா காகிதங்கள் எல்லாம் ஜிப் பையில். வெள்ளச் சேதத்துக்கான காப்பீடு தனி. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் அது வராது. அரசுத் திட்டத்தில் எடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே புயல் செய்தி பார்த்துவிட்டு ஓடுவதில் பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 8 அன்று பெரில் என்ற புயல் டெக்சாஸ் கடற்கரையில் மடகோர்டா பக்கம் கரையேறியது. முதல் வகை, அதாவது வலுவில் கடைசிப் படியில் உள்ள புயல்தான். அதனால் பலரும் அலட்சியமாகத்தான் இருந்தார்கள். ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. சில தெருக்களுக்குத் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அதுவும் ஜூலை வெயிலில்.

அந்த வருடம்தான் வந்திருந்த நண்பர் ஒருவர் குடும்பம் அருமையாகத் தயாராகியிருந்தது. இருபது பவுண்டு சோனா மசூரி, துவரம்பருப்பு, ஃப்ரீசர் நிறையப் பரோட்டா, பெரிய டப்பாவில் இட்லி மாவு. அடுப்போ வழுவழுவென்ற கண்ணாடி மேல்தட்டு வைத்த மின்சார அடுப்பு. கரண்ட் போனதும் அத்தனை மளிகையும் வெறும் பாரமாகிவிட்டது. மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு, தட்டுத் தட்டாக வழிந்து, கீழே காய்கறிப் பெட்டிக்குள் குளமாக நிற்கிறது. குழந்தைகள் பிரெட்டும் ஜாமும் தின்றே காலம் தள்ளினார்கள். அந்த அம்மா இன்றுவரை ஜாம் பாட்டிலைக் கண்டால் முகம் சுளிப்பார்.

அதைவிட மோசமான ஒன்று நடக்க இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டுக் கரி கிரில் ஒன்றைக் கொடுத்தார். வெளியே தூறல், அதனால் கராஜுக்குள் வைத்துச் சோறு வடிக்கலாம் என்று திட்டம். நல்லவேளை, நண்பர் போனில் என்னிடம் சொன்னார். கத்தித்தான் நிறுத்தினேன். கரியோ ஜெனரேட்டரோ, எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் பாதுகாப்பில்லை. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் குளிருக்காக இப்படிச் செய்து இந்த ஊரில் உயிர்கள் போயின. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே மட்டும்தான்.

ஆகவே வீடு பார்க்கும்போதே அடுப்பைப் பாருங்கள். கேஸ் அடுப்பென்றால் பல மாடல்களில் தீக்குச்சியால் பற்றவைக்கலாம், எல்லாவற்றிலும் முடியாது. மின்சார அடுப்பென்றால் சமைக்காமல் சாப்பிடக்கூடியதை வாங்குங்கள். அவலுக்கு நிகர் எதுவும் இல்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வெல்லமும் வாழைப்பழமும் போட்டால் ஒரு வேளை முடிந்தது. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சை, டின்னில் வரும் வெந்த கொண்டைக்கடலை, ஃப்ரிட்ஜ் வேண்டாத அட்டைப்பெட்டிப் பால். டின் திறக்கக் கையால் திருகும் ஓப்பனர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்சார ஓப்பனரை வைத்துக்கொண்டு டின்னை வெறித்துப் பார்த்த வீடும் உண்டு. புயலுக்கு முந்தின இரவு புளியோதரை கிளறி வைத்தால் மறுநாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் இந்த வெக்கையில் நம்ப வேண்டாம்.

கரண்ட் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் குளிர் நாலு மணி நேரம் நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. இப்போதே தண்ணீர் பாட்டில்களை அதில் உறைய வையுங்கள். குளிரும் நிற்கும், உருகினால் குடிக்கவும் ஆகும். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் மின்சார அடுப்புக்காரர்கள் எதில் காய்ச்சுவது? அதற்குத்தான் பாட்டில் தண்ணீரைக் கூடுதலாக வாங்கச் சொல்கிறேன்.

அபார்ட்மென்ட் பால்கனியில் கிரில் மூட்டப் பெரும்பாலும் அனுமதி கிடையாது, ஒப்பந்தத்தைப் படியுங்கள். நீச்சல்குளம் பக்கம் பொது கிரில் இருந்தால் காற்று அடங்கிய பிறகு அங்கே கஞ்சி வைக்கலாம். அப்புறம் கராஜ் கதவு: மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கையால் தூக்கலாம். கரண்ட் இருக்கும்போதே ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்கச் சரியான நேரம் ஏப்ரல் கடைசி. டெக்சாஸில் அப்போது ஒரு வார இறுதியில் புயல் சாமான்களுக்கு விற்பனை வரி இல்லை. பேட்டரி, டார்ச், ஐஸ் பெட்டி 75 டாலருக்குக் கீழேயும் ஜெனரேட்டர் 3,000 டாலருக்குக் கீழேயும் இருந்தால் வரி மிச்சம். கேம்பிங் அடுப்புக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. யார் யோசித்தார்களோ தெரியவில்லை. வரி கட்டியாவது ஒன்று வாங்கி வையுங்கள், வெளியே வைத்துக் கொளுத்துங்கள்.