ரசிகர்களோடு பேசும்போது யூடியூபர்கள் செய்யும் தவறுகள்

ஒரு சேனல் வளரும்போது அதில் சொல்லப்படும் கருத்தின் எடையும் கூடுகிறது. ஐந்நூறு பேர் பார்த்த காலத்தில் "அந்தக் கடைச் சாப்பாடு சரியில்லை" என்றால் அது ஒருவருடைய கருத்து, அவ்வளவுதான். ஐந்து லட்சம் பேர் பார்க்கும்போது அதையே அதே தொனியில் சொன்னால், அந்தக் கடைப் பக்கமே போகாதவர்கள் கூட கூகுளில் ஒற்றை ஸ்டார் போட ஆரம்பித்துவிடுவார்கள். இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்பதை மறந்து, பழைய சின்னச் சேனல் நினைப்பிலேயே பேசுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அமெரிக்காவில் டிக்டாக்கில் உணவகங்களைப் பற்றிப் பேசுபவர் கீத் லீ. குடும்பத்தினரை அனுப்பி பார்சல் வாங்கிவரச் சொல்லி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் சொல்வார். தன் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர்கள் தனி மரியாதை காட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அவ்வளவு கவனமானவர் 2023 இறுதியில் அட்லாண்டா நகரத்து உணவகங்களின் சேவையில் குறை சொன்னபோது, ஒரு கடைக்கு மிரட்டல்களே போயின. அப்படிச் செய்யாதீர்கள் என்று அவரே ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. யோசித்துப் பேசுபவருக்கே இந்த நிலை என்றால், "போய்க் கேளுங்க மக்களே" என்று கோபத்தில் சொல்பவரின் வார்த்தை எங்கே போய் முடியும்? குறை சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அது எந்த நாள், எந்தப் பொருள், நீங்கள் கண்டது என்ன என்பதோடு நிற்கட்டும். யாரும் அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம் என்பதையும் அதே வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். திட்டிய ஒருவரின் கமென்ட்டைப் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதும் இதே தவறுதான். அந்த ஒருவர் மேல் ஆயிரக்கணக்கானவர்களை ஏவிவிடுகிறீர்கள்.

அடுத்தது நெருக்கம். வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துபவர்களை நேயர்கள் நேரில் பழகியவர்களைப் போலவே உணர்கிறார்கள் என்று டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதினார்கள். அந்த உறவு ஒருபக்கமானது. உங்கள் குழந்தையின் பெயர் வரை ரசிகருக்குத் தெரியும், அவர் ஊர் பெயர் கூட உங்களுக்குத் தெரியாது. "சொந்தங்களே, நீங்கள் என் குடும்பம்" என்று சொல்வதில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அன்பை வைத்துக் கடன் கேட்பதும், வீட்டுச் சண்டையில் பஞ்சாயத்து வைப்பதும், பள்ளி வயதுப் பிள்ளைகளோடு இன்பாக்ஸில் தனியாக நட்பு வளர்ப்பதும் வேறு. கடைசியாகச் சொன்னதில் விதிவிலக்கே வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு பேசுவதென்றால் எல்லோரும் பார்க்கும் கமென்ட்டில் மட்டும் பேசுங்கள்.

விமர்சனம் வந்தால் என்ன செய்யக் கூடாது என்பதற்கு லைனஸ் டெக் டிப்ஸ் நல்ல பாடம். கனடாவின் மிகப் பெரிய தொழில்நுட்ப சேனல்களில் ஒன்று அது. பில்லெட் லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம், கணினியின் கிராஃபிக்ஸ் கார்டைக் குளிர்விக்கும் தங்கள் மாதிரிக் கருவி ஒன்றைச் சோதிக்க அனுப்பியிருந்தது. அதைப் பொருந்தாத கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டிச் சோதித்துவிட்டு, மறுபடி சோதிக்கும் செலவுக்கு அது தகாது என்றார் சேனலை நிறுவிய லைனஸ். திருப்பிக் கேட்ட கருவியோ அறக்கொடைக்கான ஏலத்தில் போய்விட்டது. 2023 ஆகஸ்டில் கேமர்ஸ் நெக்சஸ் என்ற இன்னொரு சேனல் இதையும் வேறு பல பிழைகளையும் எடுத்துவைத்தது. லைனஸின் முதல் பதில், எங்களைக் கேட்காமலே வெளியிட்டுவிட்டார்கள், நாங்கள் விற்கவில்லை, ஏலம்தான் விட்டோம் என்ற ரீதியில் இருந்தது. அதன் பிறகு வந்த மன்னிப்பு வீடியோவிலோ நடுநடுவே நகைச்சுவையும் தங்கள் கடைப் பொருட்களைப் பற்றிய பேச்சும். ரசிகர்களின் கோபம் அதிகமாகத்தான் ஆனது. கடைசியில் தயாரிப்பையே சில நாட்கள் நிறுத்திவைத்தார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த முதல் பதில்தான். குற்றச்சாட்டு வந்த அன்றே எழுதும் பதிலில் சூடு மட்டும்தான் இருக்கும். ஒரு நாள் பொறுங்கள். அப்புறம் நடந்தது என்ன, யாருக்கு நஷ்டம், அதை எப்படி ஈடுகட்டுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வீடியோவில் விளம்பரமும் சிரிப்பும் கூடாது.

எல்லா விஷயத்துக்கும் கருத்துச் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடிக்கும் பணியாதீர்கள். "ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்பவர்களுக்காக, முழுதாகத் தெரியாத வழக்கைப் பற்றியோ சாதிச் சண்டையைப் பற்றியோ அரை மணி நேரத்தில் வீடியோ போட்டால், தவறான பெயரோ முகமோ பரவிவிடும். அதைத் திருப்பி எடுக்க முடியாது.

பணம் வாங்கிச் சொல்லும் கருத்தை மறைப்பது சட்டப்படியே தவறு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிகள் 2021-லேயே வந்துவிட்டன. 2023-இல் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. இலவசமாக வந்த பொருளையும், ஓசிப் பயணத்தையும் கூடச் சொல்லியாக வேண்டும். விளம்பரம் எந்த மொழியிலோ, இது விளம்பரம் என்ற அறிவிப்பும் அதே மொழியில் வேண்டும். நேரலை என்றால் முழு நேரமும் திரையில் தெரிய வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

கமென்ட் பகுதியையும் பாருங்கள். வசைகளை நீக்குவது சரி, அதற்கென்று சொற்களைத் தடுக்கும் வசதியே யூடியூபில் இருக்கிறது. "நீங்கள் சொன்ன விலை தவறு" என்று மரியாதையாகச் சுட்டியவரை பிளாக் செய்வதுதான் சரியில்லை. அந்தத் திருத்தத்தை எடுத்து மேலே பின் செய்யுங்கள். உங்களுக்காக இன்னொருவரைக் கேவலமாகத் திட்டும் ரசிகரின் கமென்ட்டுக்கு ஹார்ட் போடாதீர்கள், "இப்படி எழுத வேண்டாம் தம்பி" என்று அதன் கீழேயே பதில் எழுதுங்கள்.