களப்பணியில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பில் களப்பணி பெரும்பாலும் வாரத்துக்கு 2 நாள். பருவம் முடியும்போது ரெக்கார்டு நோட்டில் நாள் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அதே நாள்களில், நல்லெண்ணத்தோடு செய்த ஏதோ ஒன்று ஒரு குடும்பத்தை அலைக்கழித்திருக்கவும் கூடும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் களத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதல் தவறு, முதல் நாளிலேயே வாக்குக் கொடுப்பது. "பென்ஷன் வாங்கித் தர்றேன்மா, கவலைப்படாதீங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அந்த அம்மா அடுத்த வாரமும் திண்ணையில் காத்திருப்பார். உங்களுக்கு அன்று இன்டர்னல் தேர்வு இருக்கும். உதவித்தொகையை முடிவு செய்வது அலுவலகம், மாணவர் அல்ல. "நான் படிக்கிற பிள்ளைம்மா. மார்ச் வரைக்கும் செவ்வாய், வியாழன் வருவேன். மனு எழுத உதவி பண்றேன், கிடைக்குமாங்கறது ஆபீஸ்லதான் முடிவாகும்." இவ்வளவு சொன்னால் போதும். ரேஷன் கார்டையோ ஆதாரையோ ஜெராக்ஸ் எடுக்க என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போகவே கூடாது. கூடவே கடைக்கு நடந்து போய், அசலை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் எல்லை. கடலூர் சாலையில் கன்னியகோவில் புதுச்சேரி, சற்றுத் தள்ளி வரும் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் அடுத்தடுத்த படுக்கையில் இருக்கும் இருவருக்கு வெவ்வேறு அரசின் திட்டங்கள் பொருந்தும். தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆகவே திட்டத்தின் பெயரைச் சொல்லும் முன் ரேஷன் கார்டில் முகவரியைப் பாருங்கள். பார்க்காமல் தவறான அலுவலகத்துக்கு அனுப்பினால், நோயாளியோடு இருப்பவருக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும்.

தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களுக்குக் கல்லூரி நேரத்தை வைத்துக்கொண்டு போனால் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்பீர்கள். காலையில் ஆண்கள் கடலிலோ கரையில் வலை வேலையிலோ இருப்பார்கள்; பெண்கள் மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்பியிருப்பார்கள். வீடு வீடாகப் போகும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, எந்தக் கல்லூரி, எதற்காக, எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். வருமானம் பற்றிக் கேட்கும்போது மாதத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது கேட்டு எழுதிய தொகையை ஆண்டு வருமானமாகப் பெருக்கினால் கணக்கே பொய்.

குழந்தைகள் இல்லத்தில் செய்யும் தவறுகளுக்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஒரு குழந்தை "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா பாத்துக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லியாகணும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. உங்கள் களப்பணியை மேற்பார்க்கும் சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம். விவரம் சேகரிக்கிறேன் என்று குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் குழந்தை அதே வேதனையை மறுபடி அனுபவிக்கிறது. பிறந்தநாள் கேக் வெட்டும் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதும் சின்ன விஷயம் இல்லை. இல்லத்துக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரெக்கார்டு எழுதுவதைப் பலர் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். "அவர் மனச்சோர்வுடன் காணப்பட்டார்" என்ற வரி பிறப்பது அப்போதுதான். அது உங்கள் தீர்ப்பு, நீங்கள் பார்த்தது அல்ல. அன்று மாலையே உட்கார்ந்தால் இப்படி எழுத முடியும்: "11.20க்கு வந்தார். மகளைப் பற்றிக் கேட்டதும் முந்தானை நுனியை விரலில் சுற்றினார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'அவ பேச்சு வேணாம்' என்றார்." இதைப் படிக்கும் சூப்பர்வைசர், அடுத்த முறை மகள் பேச்சை எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தர முடியும். உண்மைப் பெயருக்குப் பதில் குறியெழுத்து போடுங்கள். தெருப்பெயர், படகின் பெயர் எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் படகின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசித் தவறு, சொல்லாமல் நின்றுவிடுவது. முதியோர் இல்லத்திலும் குழந்தைகள் இல்லத்திலும் ஏற்கெனவே பலர் சொல்லாமல் போயிருப்பார்கள். 4 வாரத்துக்கு முன்பே கடைசி நாளைச் சொல்லி, குழந்தைகளோடு காலண்டரில் வட்டம் போடுங்கள். பாதியில் நிற்கும் மனுக்களின் எண், கொடுத்த தேதி, அடுத்து போக வேண்டிய அலுவலகம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரு நகலை அந்தக் குடும்பத்திடமும் இன்னொன்றை நீங்கள் களப்பணி செய்த நிறுவனத்திலும் (ஏஜென்சி) கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.